மெக்சிகோ பூவும் நெத்திலிக் குழம்பும்

மாதா கோயில் பீடத்துக்குக் காகிதப் பூ கட்டுவது என் தொழில். மயிலாப்பூரில் கடலோரம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போனவர். காய்ச்சலில் செத்தார்.

முதல் கல்லறைத் திருநாளுக்கு அவர் குழிமேல் ஒரு தட்டு வைத்தேன். சோறும் நெத்திலிக் குழம்பும். வேறு எதையும் அவர் ஆசையாகத் தின்று நான் பார்த்ததில்லை. கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வந்தார். காலால் தள்ளினார்.

"இன்னா இது? செத்தவன் எய்ந்து வந்து துன்னுவானா? அஞ்ஞானிங்க பயக்கம்."

மண்ணோடு சோற்றை அள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷமும் வைப்பது என்று மட்டும் முடிவு செய்தேன்.

மறுவருஷம் திருநாளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டுக் கன்னியாஸ்திரி ஒருவர் அவரிடம் மெக்சிகோ தேசத்தைப் பற்றிச் சொன்னாராம். அங்கே அந்த நாளில் செத்தவர்களுக்குத் துலுக்கச் சாமந்தி வைப்பார்களாம், காகிதத்திலும் செய்வார்களாம். பிடித்த சாப்பாடும் வைப்பார்களாம். ஆத்துமா வீடு தேடி வருமாம். சொல்லும்போதே டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் உபதேசியார்.

"எம்மாம் பக்தி பாரு!" என்றார். போன வருஷம் தட்டைத் தள்ளிய அதே ஆள்.

மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் நிஜச் சாமந்தி கூடை கூடையாகக் கிடந்தது. அது இந்துக்கள் பூவாம். ஆகவே எல்லாக் கல்லறைக்கும் காகிதத்தில் கட்டச் சொன்னார் டீச்சரம்மா.

பத்துத் தாளை அடுக்கி, விசிறி போல மடித்து, நடுவில் கம்பி கட்டிப் பிரிக்க வேண்டும். அதை எனக்கே சொல்லிக் கொடுத்தார். கட்டிய பூவை உருக்கிய மெழுகில் முக்கப் போனேன். மெழுகில்லாமல் ஐப்பசி மழைக்குச் சாயம் நிற்காது.

"மெக்சிகோல மெழுகெல்லாம் போட மாட்டாங்க."

"அங்க அன்னிக்கி மழ பெய்யுமாம்மா?"

டீச்சரம்மா மெழுகுச் சட்டியைத் தள்ளி வைத்தார். ஒரே ஒரு பூவை மட்டும் வீட்டில் முக்கி வைத்தேன்.

திருநாளன்று விடியற்காலையில் மழை கொட்டி ஓய்ந்தது. வெள்ளையடித்த கல்லறையெல்லாம், முந்தின நாள் வைத்த காகிதப் பூவின் சாயம் ஓடி, வெற்றிலை எச்சில் துப்பியது போல ஆகிவிட்டது. அதற்கு நடுவிலும் டீச்சரம்மா கைகூப்பி நின்றார்.

நான் தட்டை வைத்தேன். பக்கத்தில் என் பூ. நிறம் போகவில்லை.

உபதேசியாரின் செருப்பு தட்டருகே வந்து நின்றது.

"இன்னாம்மா, மறுபடியுமா?"

"மெக்சிகோ, உபதேசியாரே."

பூவைப் பார்த்தார். திரும்பி டீச்சரம்மாவைப் பார்த்தார்.

"அங்க நெத்திலியா கீது?"

"ஆமா. அங்கயும் கடல் கீதாம்."

சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். மெக்சிகோ எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. காக்கை வரும்வரை தட்டு அங்கேயே இருந்தது.