ஊதாங்குழல் அண்ணனின் ஏர் ஃபில்டர்

கல் உடைக்கும் ஆலையில் என் வீட்டுக்காரருக்கு ஊதாங்குழல் என்று பெயர். ஜல்லி ஏற்றுகிற எங்கள் சொந்த பிக்கப் வண்டியை ஓட்டினார். அங்கே பறக்கிற தூளில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எஞ்சினுக்குப் போகிற காற்றைச் சலித்து அனுப்பும் மடிப்புக் காகிதம் அது. அடைத்துவிட்டால் வண்டி மேட்டில் திணறும். ஆலையில் யாரும் லேசில் புதிது வாங்க மாட்டார்கள். பஞ்சர் கடைக் காற்றுக் குழாயால் உள்ளிருந்து வெளியே ஊதி, தட்டி, பழையதையே மாட்டுவார்கள். அதில் இவருக்குக் கைராசி என்று எல்லா டிரைவர்களும் தங்கள் ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"ஊதாங்குழல் அண்ணே, இதையும் ஒரு ஊது ஊதிடுங்க!"

அந்த 'அண்ணே'யில் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஃபில்டரைக் கழற்றியதும், தூள் உள்ளே விழாமல் எஞ்சினின் வாயைத் துணியால் அடைப்பார். தன் வாய்க்கு ஒரு கைக்குட்டை கட்டியதில்லை. "முகமூடி போட்டா நாலு பேர் சிரிப்பாங்க" என்பார். நானும் தொண்டை வற்றக் கத்தினேன், காதில் போட்டுக்கொண்டால்தானே.

நுரையீரல் முழுக்கக் கல் தூள் என்று டாக்டர் சொன்னபோது, "கழுவி எடுத்துடலாங்களா?" என்று கேட்டார். போனது திரும்பாது, இனி கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எனக்கு வந்தது கோபம். அழுகை வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது.

இப்போது வண்டியை நான் ஓட்டுகிறேன். ஆலைக்கு இல்லை, காய்கறிச் சந்தைக்கு. நேற்று மேட்டில் அது திணறியதால் புது ஃபில்டரோடு வீட்டுக்கு வந்தேன். "நானே மாத்துறேன்" என்று எழுந்துவிட்டார். ஃபில்டர் பெட்டியின் மூடியில் நான்கு கிளிப். இரண்டைத் திறப்பதற்குள் பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

"நான் பண்றேங்க. நீங்க சொன்னா போதும்."

ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஈரத்துணியால... பெட்டிய... தொடச்சிடு. ரப்பர் ஓரம்... பள்ளத்துல... சரியா உக்காரணும்."

துடைத்தேன். புதியதை அமுக்கி உட்கார வைத்துக் கிளிப்புகளை மாட்டினேன். அவர் பழையதை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஊது ஊதினா... இன்னும் ஓடும்."

"இன்னுமா ஆசை விடல உங்களுக்கு?" பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். அவர் மடியில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டார். "சரி... ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்; இருமல் இல்லை, இழுவை இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா... எவ்ளோ லேசா... மூச்சு விடுது!"

எஞ்சினை அணைக்கச் சாவியில் கை வைத்தேன். அணைத்தால் அடுத்து எனக்குக் கேட்கப்போவது அவர் மூச்சு. டீசல் வீணாகிறது என்று அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்வரை ஓட விட்டேன்.