மெதுவா அத்தானின் ஒரே மீன்

என் அக்கா புருஷனை இந்த ஆற்றங்கரையில் எல்லோரும் ‘மெதுவா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ட்ரவுட் மீன் பிடிக்க வரும் விருந்தாளிகளின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு நானூறு தடவை அவர் சொல்லும் சொல் அது. “மெதுவா சார், மெதுவா. கோலை மெதுவா தூக்குங்க.” மற்றபடி அவரிடம் மெதுவான சங்கதி எதுவும் கிடையாது. சாப்பாடு வேகம், பேச்சு அதைவிட வேகம். ஆற்றில் இறங்கியதும் “சத்தம் போடாதீங்க சார், மீன் ஓடிடும்” என்று விருந்தாளியின் வாயை அடைத்துவிட்டு, அடுத்த இரண்டு மணி நேரமும் அவர் ஒருவரே பேசிக்கொண்டிருப்பார்.

அவர் கைடு ஆன கதையைக் கேட்டால் எந்த விருந்தாளியும் காசு கொடுக்க மாட்டான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செருப்புக் கம்பெனிக்காக ரப்பர் பூட்ஸ் விற்க மலையேறி இந்த விடுதிக்கு வந்தார். இடுப்பு வரைக்கும் வரும் பூட்ஸைப் போட்டுக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, அன்றைக்கு வேலைக்குச் சேர வேண்டிய புதுக் கைடு இவர்தான் என்று நினைத்து முதலாளி ஒரு விருந்தாளியோடு அனுப்பிவைத்துவிட்டார். இவரும் இல்லை என்று சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய காரியங்கள் எல்லாமே இல்லை என்று சொல்லத் தெரியாமல் நடந்தவைதான். என் அக்காவைக் கட்டிக்கொண்டதும் அதில் சேர்த்தி. நீச்சல் இன்றுவரை தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் முகத்தில் ரத்தம் இருக்காது. அதை விருந்தாளிகள் ஆழ்ந்த கவனம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நான் அதே விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். விருந்தாளிகளோடு ஆற்றுக்குப் போய்ப் போட்டோ எடுப்பது, பிரிண்ட் போடுவது, சட்டம் மாட்டிக் கூடத்துச் சுவரில் தொங்கவிடுவது எல்லாம் என் தலையில்தான். சலவைக் கூடத்துக்குப் பின்னால் விடுதி கொடுத்த இரண்டு அறை வீட்டில் அக்கா, அத்தான், நான் என்று மூன்று பேர். அங்கே சாப்பாட்டு மேசை பாதி எங்களுக்கு, பாதி அத்தானின் பூச்சிகளுக்கு. இந்த மீன்பிடிப்பில் புழு கிடையாது. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, கோலை வீசி அதைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். சோற்றில் கோழி இறகு கிடந்தால் எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவர் கட்டும் பூச்சிகளில் ஒன்றே ஒன்றுதான் ராசியானது. அது அக்காவின் காபி நிற ஸ்வெட்டரைப் பிரித்த கம்பளியில் கட்டியது. நாலு வருஷத்தில் ஒரு முழுக் கை தீர்ந்துவிட்டது. அக்கா மிச்சக் கையோடு அதைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

அந்தக் கம்பளிப் பூச்சியைத் தின்ன வருபவர் ‘பெரியவர்’. பாலத்துக்குக் கீழே ஆறு திரும்பும் இடத்தில் சாய்ந்து கிடக்கும் பாறையின் அடியில் குடியிருக்கும் ஒரு கிழட்டு ட்ரவுட். மத்தியானம் வெயில் தண்ணீரை விட்டு விலகியதும் வெளியே வருவார். அத்தானுக்கு இந்த ஆற்றில் நிச்சயமாகத் தெரிந்தது அவர் ஒருவரைத்தான். மீனைப் பிடித்ததும் போட்டோ எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது எங்கள் விடுதியின் வழக்கம். விருந்தாளிகள் அதைக் கருணை என்பார்கள். அத்தானுக்கு அது பிழைப்பு.

“சார், இந்த சீசன்லயே இதுதான் பெருசு” என்று ஒவ்வொருவரிடமும் குரல் கம்மச் சொல்வார். ஒரு பல் டாக்டர் மீனைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு சிமெண்ட் வியாபாரி அங்கிருந்தே மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னார். இப்படி இருபத்துமூன்று பேர், சுவரில் இருபத்துமூன்று படம்.

நாலாவது படம் பிரிண்ட் போடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்துக்குப் பின்னால் அடுப்புக்கல் வைத்தாற்போல மூன்று கரும்புள்ளி, வாலின் மேல்முனையில் ஒரு கிழிசல்.

“அத்தான், இது போன மாசத்து மீனு.”

“அட, யாரு மீனைப் பார்க்கப் போறா? அவங்கவங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க.”

நாலு வருஷமாக அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. என்றாலும் எனக்கு அவர்மேல் மரியாதை போய்விட்டது. ஒரே மீனை வைத்துக்கொண்டு உதார் விடும் மனுஷனுக்கு எப்படி மரியாதை கொடுப்பது? முகத்துக்கு நேராகவே கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பூச்சி கட்டுவார்.

இந்த சீசனில் முதலாளி ஒரு குண்டைப் போட்டார். கூட்டம் குறைந்துவிட்டது, அடுத்த வருஷம் இரண்டு கைடு வேண்டாம், ஒருவர் போதும் என்றார். இன்னொரு கைடு காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் படித்தவன். ஆற்றில் பறக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வான். அவனுடைய விருந்தாளிகள் படம் சுவரில் ஒன்பதுதான். சுவரைப் பார்த்தால் அத்தான் பக்கம்தான் காற்று. ஆனாலும் வேலை போனால் வீடும் போகும், அப்புறம் அத்தானின் தம்பி வைத்திருக்கும் டயர் கடை மாடியில் ஒற்றை அறைதான் கதி. அக்கா அந்த அறையை ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அதனால் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு விருந்தாளி வந்தார். முதலாளியின் பழைய சிநேகிதர். “இவர் சந்தோஷமா திரும்பிப் போனா உன் விஷயம் முடிஞ்ச மாதிரிப்பா” என்று அத்தானிடம் ஒப்படைத்தார் முதலாளி. பதிவேட்டில் தொழில் என்ற கட்டத்தில் அவர் எழுதியதைப் படித்ததும் கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற போலீஸ் கைரேகை நிபுணர் என்று போட்டிருந்தார்.

மறுநாள் காலையில் டீக் கோப்பையோடு கூடத்துச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். டீ ஆறி ஆடை கட்டும்வரை நகரவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தார். பழக்கம் விடுமா?

“ஏம்மா, இதெல்லாம் நீ எடுத்த போட்டோவா?”

“ஆமா சார்.”

“இருபத்துமூணு பேரு. ஒரே மீனு. உனக்குத் தெரியுமா?”

நான் மேசையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“தெரியும்போல” என்று சிரித்தார். “முப்பத்தாறு வருஷம் இதே வேலை. கட்டைவிரல் பொய் சொல்லாதும்மா, மீனும் சொல்லாது. உங்க கைடைக் கூப்பிடு.”

அத்தான் வந்தார். ரேகைக்காரர் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. முதலாளியிடம் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு அந்த மீன் வேண்டும் என்றார். பிடித்து விடுவதற்கு இல்லை. பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுபோக. விடுதி வாசலில் தொங்கும் விதிப் பலகையில் ஏழாவது வரியில், விருந்தாளி விரும்பினால் ஒரு மீனைக் கொன்று எடுத்துப் போகலாம் என்று இருக்கிறதாம். பன்னிரண்டு வருஷமாக யாரும் படிக்காத அந்தப் பலகையை அவர் படித்திருந்தார்.

“சார், அவருக்கு வயசாயிடுச்சு சார்” என்றார் அத்தான்.

“யாருக்கு?”

“மீனுக்கு.”

“எனக்கும்தான் வயசாச்சு. இத்தனை பேரு போட்டோவோட போனாங்க. நான் அசலோட போறேன்.”

அத்தான் வேறு இடம், வேறு நேரம் என்று ஏதோ முணுமுணுத்துப் பார்த்தார். ரேகைக்காரர் லென்ஸாலேயே சுவரைத் தட்டிக் காட்டினார். அந்த இருபத்துமூன்று படத்திலும் பின்னால் அதே சாய்ந்த பாறை. நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தால் மத்தியானத்துக்கு மேல். மீனின் வாயோரம் காபி நிறப் பூச்சி. இடம், நேரம், பூச்சி எல்லாவற்றையும் மனுஷன் கையில் வைத்திருந்தார். ஏமாற்ற ஒரு பொந்து மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்து அத்தான் சாப்பாட்டு மேசையின் பூச்சிப் பக்கத்தில் உட்கார்ந்தார். காபி நிறப் பூச்சி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“கொடுத்துட்டுப் போங்க. மீனுதானே” என்றாள் அக்கா.

“ஆமா அத்தான்” என்றேன் நான். “உங்களைப் பெத்த அப்பாவா அவரு?”

அதைச் சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியில் பூச்சிகளை அடுக்கினார். வழக்கம்போல இல்லை என்று சொல்லவில்லை. நானும் கேமராவை எடுத்துக்கொண்டேன்.

ரேகைக்காரருக்குக் கோல் வீசத் தெரியவில்லை. முதல் வீச்சில் தன் தொப்பியைப் பிடித்தார், அடுத்ததில் என் பையை. வழக்கமாக இந்த நேரத்தில் அத்தான் ஓயாமல் பேசுவார். அன்றைக்கு ‘மெதுவா’கூடச் சொல்லவில்லை. அப்படியே வீசிக்கொண்டே இருந்து அந்த ஆள் களைத்துப் போவார் என்று நினைத்தேனோ என்னவோ, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஏழெட்டாவது வீச்சில் பூச்சி தப்பித்தவறிச் சரியான இடத்தில் விழுந்தது. தண்ணீர் ஒரு தரம் புரண்டது. கோல் வளைந்தது.

“மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!” அறுபத்துமூன்று வயது மனுஷன் குதித்தார்.

பெரியவர் ஆற்றின் குறுக்கே இரண்டு தடவை ஓடினார், முன்னைப் போல வேகம் இல்லை. மெல்ல மெல்லக் கரைக்கு வந்தார். அத்தான் கைவலையோடு தண்ணீரில் இறங்கினார். முழங்காலைத் தாண்டி, தொடையைத் தாண்டி, இடுப்புவரை போனார். மீன் பக்கவாட்டில் சாய்ந்து அவர் காலடிக்கே வந்துவிட்டது. மூன்று புள்ளிகளும் தெரிந்தன. வலையை அடியில் விட்டுத் தூக்கினால் போதும். அவர் வலையின் விளிம்பால் இறுகி நின்ற தூண்டில் நரம்பின்மேல் ஒரே தட்டாகத் தட்டினார்.

எங்கள் ஆற்றில், மீன் கழன்றுவிடாமல் பிடிக்கும் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் போட வேண்டும். அப்படி ஒரு தட்டுக்கு அது மீன் வாயில் நிற்காது. கோல் விடுக்கென்று நிமிர்ந்தது. நான் அதற்குள் கேமரா பட்டனை அழுத்தியிருந்தேன்.

நரம்பில் வலையை இடிப்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பண்ணும் தப்பு. எந்தக் கைடும் வெளியில் சொல்ல மாட்டான். அத்தான் நடுங்கிக்கொண்டே தண்ணீரில் நின்றார். “மன்னிச்சுக்குங்க சார், கை வழுக்கிடுச்சு” என்றார். ரேகைக்காரர் கோலைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

விடுதிக் கூடத்தில் முதலாளி காத்திருந்தார். “என்ன, பிடிச்சாச்சா?”

நான் கதவோரம் நின்றேன். சலவைக் கூடம், இரண்டு அறை, அக்காவின் தையல் மெஷின் எல்லாம் அந்த ஆளின் அடுத்த வார்த்தையில் தொங்கின. அவர் சுவரைப் பார்த்தார். பல் டாக்டர், சிமெண்ட் வியாபாரி, தேனிலவுக்கு வந்த ஜோடி, எட்டு வயதுப் பெண் ஒருத்தி, எல்லோரும் அதே மீனைத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டினார்கள். இது ஒரே மீன் என்று சொன்னால், அதற்கப்புறம் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பெண் பிடித்ததை இவர் விட்டிருக்கிறார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதெல்லாம் குஞ்சுப்பா” என்றார், சுவரைக் காட்டி. “நான் விட்டது இதுங்களோட அப்பன். வலை கொள்ளலை. அதான் பையன் தடுமாறிட்டான். அடுத்த வருஷமும் வருவேன், இதே ஆளைத்தான் கூட அனுப்பணும்.”

நாற்பத்தெட்டு வயது அத்தான் அன்றைக்குப் பையன் ஆனார். முதலாளி அவர் முதுகில் தட்டினார். விஷயம் முடிந்தது.

மாலையில் ரேகைக்காரர் வரவேற்பு மேசைக்கு வந்து தன் படத்தைக் கேட்டார். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். படத்தில் எல்லாம் இருந்தது. மேலே கோலோடு அவர், கீழே மீன், நடுவில் நரம்பின்மேல் சாய்த்துப் பிடித்த வலை. தெரியாமல் பட்ட வலை அப்படி இருக்காது என்று குழந்தைகூடச் சொல்லும். அவர் லென்ஸை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

“முகம் பரவாயில்லம்மா. தொப்பைதான் அசிங்கமா தெரியுது. கீழ்ப்பாதியை வெட்டிடு.”

வெட்டினேன். தொப்பையோடு வலையும் மீனும் போயின. வளைந்த கோலும் வீரமான முகமுமாக இருபத்துநாலாவது படம் சுவருக்குப் போனது.

வெட்டாத படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் அத்தான் முன்னால் வைத்தேன். “வேணும்னுதானே தட்டினீங்க?”

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவில்லை, வலையைப் பார்க்கவில்லை.

“பெரியவருக்கு இந்தக் கண்ணு மங்கிடுச்சு சின்னவளே” என்றார். “இனிமே யாரையும் அங்க கூட்டிட்டுப் போகக் கூடாது.”

“அப்ப எந்த மீனைக் காட்டுவீங்க?”

“தெரியலையே” என்றார். மனுஷன் முகத்தில் உண்மையிலேயே கவலை. பன்னிரண்டு வருஷமாகக் கைடு. மறுநாள் காலையில் ஆற்றில் வேறு மீன் எங்கே இருக்கிறது என்று அந்தக் காலேஜ் பையனிடம் கேட்கப் போனார். அக்கா பீரோவைத் திறந்து ஸ்வெட்டரின் மிச்சக் கையை வெட்டி அவர் மேசையில் வைத்தாள்.