ஹேண்ட்பேக் அக்கா

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் இதை இன்னும் கொஞ்சம் நன்றாக ஜோடித்துச் சொல்லியிருப்பேன். நடந்தது இவ்வளவுதான். நடந்தது எனக்குத்தான். அதுவும் பட்டப்பகலில்.

சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு மெயில் சர்வரையும் பேக்கப்பையும் பார்த்துக்கொள்வது என் தொழில். வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை. ஏதாவது கெட்டுப் போனால்தான் என் ஞாபகமே யாருக்கும் வரும்.

அதில் ஒன்று, செயற்கைப் பல் செய்யும் கம்பெனி. அங்கே பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க். ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், ஒன்றில் பச்சை. ஒன்று சர்வரில் மாட்டியிருக்கும். மற்றது, கணக்கு எழுதும் அக்காவின் ஹேண்ட்பேக்கில் அவர் வீட்டுக்குப் போகும். ஆபீஸே தீப்பிடித்தாலும் ஒன்றாவது பிழைக்கட்டும் என்று நான் செய்த ஏற்பாடு. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு அக்கா மாற்றி மாட்டுவார். உடனே என் போனுக்குத் தகவல் வரும். இன்று சிவப்பு, நாளை பச்சை. வேலை நாளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"எங்க ஆபீஸே என் வீட்டுலதான் தூங்குது தம்பி" என்பார். ஹேண்ட்பேக் அக்கா என்று நான்தான் பெயர் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கட்டடத்தில் இடி விழுந்தது. ஞாயிறு மத்தியானம்தான் என்னால் போக முடிந்தது. சர்வர் கருகிக் கிடந்தது. அதில் மாட்டியிருந்த பச்சை டிஸ்க்கும் போச்சு.

முதலாளி சுவரில் சாய்ந்து நின்றார்.

"நாளைக்குக் காலையில நோயாளிங்க பல் அளவெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகலைன்னா ஆர்டர் கையை விட்டுப் போயிடும். பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு நானும் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

"பார்க்கறேன் சார்."

அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஒருநாள் தவணை கேட்கிறேன் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. உள்தாழ்ப்பாள் போட்டேன்.

இனி சிவப்பு டிஸ்க்தான் கதி. அக்காவுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

அதே இடியில் வேறு இரண்டு கம்பெனிகளும் படுத்திருந்தன. முந்தின இரவு முழுக்கத் தூக்கமில்லை. பதற்றப்படக்கூடத் தெம்பில்லை, மனசு மரத்துப் போயிருந்தது. கையோடு கொண்டுபோன மாற்று சர்வரை மாட்டிவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தேன். சுற்றிலும் அலமாரி நிறையப் பல் அச்சுகள். முகமில்லாத சிரிப்புகள். தரையெல்லாம் பிளாஸ்டர் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது.

மணி 2.10.

சர்ர்ர்க்...

பின்னால் ஜிப் திறக்கும் சத்தம்.

"அக்கா?"

"ம்."

என் முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்பு டிஸ்க் இருந்தது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி. துணி ஈரம். வெளியே மழை போல என்று நினைத்தேன். ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிஸ்க் கையில் கிடைத்தபிறகு என் கண் திரையை விட்டு நகராது. மாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எல்லா மெயிலும், எல்லா அளவும் அப்படியே இருந்தன.

"காப்பாத்திட்டீங்கக்கா."

"வேலையைப் பாருங்க தம்பி."

குரல் வழக்கமானதுதான். கொஞ்சம் தொண்டை கட்டியிருந்தது.

மாற்று சர்வரில் ஏற ஆரம்பித்தது. பத்து சதவீதம்... நாற்பது...

சொட்...

சொட்...

தரையில் தண்ணீர் விழுந்தது.

"பச்சை எங்க?"

"எரிஞ்சு போச்சுக்கா."

"பரவாயில்ல. குடுங்க. இன்னிக்கு அதுதானே என்கூட வரணும்."

கழற்றி மேஜையில் வைத்திருந்த பச்சை டிஸ்க்கைத் திரும்பாமலே நீட்டினேன்.

விரல் பட்டது.

ஜில்லென்று...

சர்ர்ர்க்.

நூறு சதவீதம்.

திரும்பினேன்.

யாருமில்லை.

தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. தூசியில் என் காலடியும் முதலாளியின் காலடியும் மட்டும். நாற்காலிக்குப் பின்னால் கையகலத்துக்கு ஈரம்.

நான்கு மணிக்கு முதலாளி கதவைத் தட்டினார்.

"எல்லாம் வந்துடுச்சு சார். நல்லவேளை, அக்கா டிஸ்க்கைக் கொண்டுவந்தாங்க."

"எந்த அக்கா?"

"கணக்கு அக்காதான்."

அவர் என்னையே பார்த்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? அவங்க போய் மூணு வாரமாச்சு தம்பி. பாலத்துல ஸ்கூட்டர் சறுக்கி ஆத்துல விழுந்துட்டாங்க. உடம்பு கிடைச்சுது. பேக் கிடைக்கல. அதுக்கப்புறம் டிஸ்க்கை யாரும் தொடவே இல்லையே. பச்சைதான் மாட்டினபடி கிடந்துச்சு."

போனை எடுத்துக் காட்டினேன். மூன்று வாரத் தகவலும் இருந்தது. ஐந்து நாற்பது, சிவப்பு. ஐந்து நாற்பது, பச்சை.

திங்கட்கிழமை அளவுகள் போய்ச் சேர்ந்தன. ஆர்டர் தப்பித்தது. சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. அக்காவின் கணவர். நம்பரை முதலாளியிடம் வாங்கியிருக்கிறார்.

"யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல தம்பி. நேத்து சாயங்காலம் பார்த்தா, அவளோட பேக் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. எப்பவும் மாட்டற அதே ஆணி. இன்னும் தண்ணி சொட்டிட்டிருக்கு. உள்ள கருகின டிஸ்க் ஒண்ணு, பச்சை ஸ்டிக்கர் ஒட்டினது. ஆபீசுக்குத் திருப்பிக் குடுக்கணுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். "அது உங்க வீட்டுலதான் இருக்கணும்."