தர்சிகாவின் நேஷனாலிட்டி கட்டம்

1. செல்வன் அண்ணாச்சியின் கம்ப்ளைன்ட்

வீடியோ கேம் டோர்னமென்டின் ஃபைனலுக்கு முந்தின நாள் காலை. கல்லூரி ஆடிட்டோரியத்தில் ஒரு பக்கம் ஸ்கிரீன் மாட்டிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விளையாட்டு வீரர்களின் ஐ.டி. கார்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மொபைல் கடை வைத்திருக்கும் செல்வன் அண்ணாச்சி நேராக என் மேஜைக்கு வந்தார். ஃபைனலுக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்றுக்கு அவர்தான் ஸ்பான்சர்.

"மேடம், ஒரு கம்ப்ளைன்ட் குடுக்கணும். உப்பளம் ஃபைவ் டீம்ல தர்சிகான்னு ஒரு பிள்ள விளையாடுதுல்லா, அது இந்தியாக்காரி கிடையாது. சிலோன் முகாம் பிள்ள. ஃபார்ம்ல இந்தியன்னு போட்டிருக்காவ. பொய் எழுதுனா டீமையே தூக்கணும்னு உங்க ரூல்லயே இருக்கு."

"இத்தனை ரவுண்டு ஆடும்போது தெரியலையா அண்ணாச்சி?"

"நேத்து பிராக்டிஸ்ல எங்க பயலுவள வெளுத்து வாங்குன பொறவுதான விசாரிச்சேன்," என்றார்.

இந்த நேர்மைக்காகவே எனக்கு அண்ணாச்சியைப் பிடிக்கும். அவர் சொன்னதும் சரிதான். தப்பாக எழுதிக் கொடுத்தால் அணி மொத்தமும் வெளியே. அந்த விதியை ரூல்புக்கில் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

2. நான் ஏன் அந்த நாற்காலியில் இருந்தேன்

எனக்கு வீடியோ கேம் விளையாடத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேல் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டாக்குமென்டேஷன் பார்த்தவள். சாயர்புரத்திலிருந்து தினமும் பஸ். துறைமுகத்தில் ஒரு பெட்டி இறங்கினால், அதாவது ஒரு கன்டெய்னர், அதற்குள் என்ன இருக்கிறது, எங்கே உருவானது, எந்த வழியாக வந்தது, இதெல்லாம் பேப்பரில் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி யார்டிலேயே கிடக்கும், சரக்குக்காரப் பார்ட்டி நம் தலையை உருட்டுவார்.

வேலையை விட்ட பிறகு, பழைய பழக்கத்தில் ஒருவர் சென்னை கம்பெனி ஒன்றைக் கைகாட்டிவிட்டார். அவர்கள் ஈ-ஸ்போர்ட்ஸ் டோர்னமென்ட் நடத்துகிறவர்கள். எந்தப் பிளேயர் எந்த நாட்டுக்காரர், எங்கே வசிக்கிறவர், எந்தப் போட்டியில் ஆடத் தகுதி உள்ளவர் என்று பார்க்க ஆள் வேண்டுமாம். "கன்டெய்னருக்குப் பார்த்ததை ஆளுக்குப் பார்க்கணும், அவ்வளவுதான் மேடம்," என்றார் அந்தக் கம்பெனியின் மேனேஜர் கார்த்திக். அவ்வளவுதான் என்று சொன்னவர் ஒரு பெட்டியைக்கூட கிளியர் செய்ததில்லை.

பழைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஆரிஜின், அதாவது ஒரு பொருளின் பிறப்பிடம் எது என்று பார்ப்பது. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக் கொட்டை மூட்டை மூட்டையாக நம் துறைமுகத்துக்கு வரும். இங்குள்ள கம்பெனிகளில் அதை உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, பருப்பாகத் திரும்பக் கப்பலேற்றுவார்கள். அப்போது அதன் சர்டிஃபிகேட்டில் பிறப்பிடம் 'இந்தியா' என்று வரும். கொட்டை எந்த மண்ணில் விளைந்தால் என்ன, அதைப் பருப்பாக்கிய வேலை இங்கே நடந்ததல்லவா? பொதுவான வணிக விதி இதுதான். அந்தச் சர்டிஃபிகேட்டுகளை நானே எத்தனையோ டைப் செய்திருக்கிறேன்.

3. கீழே இழுத்த கட்டம்

உப்பளம் ஃபைவ் அணியின் கேப்டன் அன்டோவைக் கூப்பிட்டேன். கடற்கரைப் பையன், சி.எஃப்.எஸ். ஒன்றில், அதாவது கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் கிடங்கில், டேட்டா என்ட்ரி பார்க்கிறான். ஐந்து பேருக்கும் ஃபார்ம் நிரப்பியவன் அவன்தான்.

"நேஷனாலிட்டி கட்டத்தில் தர்சிகாவுக்கு இந்தியன்னு யார் போட்டது?"

"நாந்தான் மேடம். எக்செல்ல மொத வரிசைல இந்தியன்னு அடிச்சேன். அப்படியே கீழ இழுத்துட்டேன்."

"அவளைக் கேட்டியா?"

"கேக்கலயே மேடம். நாங்க அஞ்சு பேரும் ஒரே பாலிடெக்னிக்ல படிச்சோம். அவகிட்ட ஆதார் இருக்கு. பொறவு என்னத்த கேக்க?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. துறைமுகத்துக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஷீட் நிரப்புவோம். நூறு பெட்டி ஒரே கப்பலில் வந்தால் முதல் வரிசையை அடித்து, கீழே இழுத்துவிடுவோம். நூறும் ஒரே ஜாதிப் பெட்டி என்றால் பிரச்சினையில்லை. ஒன்று மட்டும் வேறு என்றால் அன்றைக்குத்தான் வினை. ஆதார் இங்கே வசிக்கிறவர் என்பதற்கு அத்தாட்சி. குடிமகன் என்பதற்கு அல்ல. இதைப் பெரிய பெரிய கம்பெனிகளில் இருப்பவர்களே போட்டுக் குழப்புவார்கள், பையனை என்ன சொல்ல?

சென்னைக்குப் போன் போட்டேன். கார்த்திக் உடனே முடிவுக்கு வந்துவிட்டார்.

"டிஸ்குவாலிஃபை பண்ணிடலாம் மேடம். நாளைக்கு லைவ் இருக்கு. யாராவது இதை சோஷியல் மீடியால போட்டா நம்ம கதி என்ன ஆகுறது?"

"தம்பி, ரூல்புக்கைத் திறங்க. இந்த ஃபைனலில் ஆட என்ன தகுதி?"

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "இந்தியால கடைசி ஒரு வருஷமா வசிக்கணும்."

"குடிமகனா இருக்கணும்னு இருக்கா?"

"அது... ஜெயிச்ச டீம் வெளிநாட்டுப் போட்டிக்குப் போறப்போதான். அதுக்கு இந்தியன் பாஸ்போர்ட் வேணும்."

"அப்ப இந்தப் பிள்ளை நாளைக்கு ஆடலாம். கட்டத்தில் இருப்பது தப்பு. கஸ்டம்ஸில் பெட்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் பார்ட்டியே வந்து தப்பைச் சொன்னால் அமெண்ட்மெண்ட். தாண்டிய பிறகு மாட்டினால் குற்றம். நாளைக்கு மேட்ச் ஆரம்பிப்பதற்கு முன்னால் திருத்தி வாங்குகிறேன். நீங்க மெயிலில் ஓகே மட்டும் அனுப்புங்க."

கொஞ்ச நேரம் முனகிவிட்டு அனுப்பினார். செல்வன் அண்ணாச்சியைக் கூப்பிட்டு வசிப்பிட விதி, பாஸ்போர்ட் விதி இரண்டையும், திருத்தத்துக்கு அனுமதி தந்த மெயிலையும் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "ரூல்ல இருந்தா ஆடட்டும் மேடம். ரூல்ல இல்லாததுதான் எனக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. தர்சிகா கேட்டது

மத்தியானம் தர்சிகா அம்மாவோடு வந்தாள். அம்மா மன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் படகில் வந்து, அன்றிலிருந்து முகாமில்தான் இருக்கிறார். அவர் பேச்சில் இன்னும் மன்னார் இருந்தது. மகள் பேச்சு முழுக்க முழுக்க நம்மூர்.

வசிப்பிடத்துக்கு அத்தாட்சி கேட்டேன். மற்ற நான்கு பையன்களும் கரண்ட் பில், வாடகை ரசீது என்று வீட்டையே கலைத்துப்போட்டிருந்தார்கள். இவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முகாமில் மாதாமாதம் செக்கிங் உண்டு. அதிகாரி வந்து பெயர் கூப்பிடுவார், ஆள் நேரில் நிற்க வேண்டும். அந்த அலுவலகத்திலிருந்து சான்று வாங்கி வந்திருந்தாள். நான் பார்த்த பிளேயர்களிலேயே இங்கேதான் வசிக்கிறேன் என்பதை இவ்வளவு சுத்தமாக நிரூபித்தவர் வேறு யாரும் இல்லை. கல்ஃபிலிருந்து போன மாதம் திரும்பிய ஒரு இந்தியப் பையனை இதே விதியில் நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். "வசிப்பிடம் சரி. நேஷனாலிட்டி கட்டத்தை மட்டும் நீயே உன் கையால் திருத்தும்மா."

கர்சரை அந்தக் கட்டத்தில் வைத்தாள். நாடுகளின் பட்டியல் கீழே நீண்டது. அப்படியே நிறுத்திவிட்டாள்.

"இதுல எதை மேடம் போட?"

"அம்மா அப்பா எந்த நாடோ..."

"அந்த நாட்டை நான் பாத்ததே இல்ல மேடம். அங்க என் பேரும் பதியல. இங்க பொறந்தேன், இங்கதான் சர்டிஃபிகேட் இருக்கு. இந்தியான்னு போட்டா பொய்யிங்கிய. இலங்கைன்னு போட்டாலும் பொய்தான?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேப்பர் பார்த்தவள் நான், ஒரு சரக்குக்குக்கூட 'பிறப்பிடம் இல்லை' என்று எழுதியதில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டால் ஃபார்ம் ஏறாது. மறுபடியும் கார்த்திக்கைக் கூப்பிட்டு, பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். என்ன வரி என்று கேட்டார். "குடியுரிமை பதிவில்லை, வசிப்பிடம் இந்தியா." சாயங்காலத்துக்குள் வரி வந்துவிட்டது. தர்சிகா அதைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் எழுந்திருப்பதற்குள் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் ஜெயித்த பிறகு மேடையில் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது மேல் என்று நினைத்தேன்.

"நாளைக்கு நீங்க ஜெயிச்சா வெளிநாடு போவது டீம். நீ போக முடியாது. பாஸ்போர்ட் வேணும்."

"தெரியும் மேடம்," என்றாள். "எங்க முகாம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான அது. நாளைக்கு ஆடலாம்லா?"

"ஆடலாம்."

"அது போதும்."

5. ஃபைனல்

அந்த அணியில் தர்சிகா ஐ.ஜி.எல். களத்தில் யார் எங்கே போக வேண்டும், எப்போது சுட வேண்டும், எப்போது பம்ம வேண்டும் என்று ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டே இருப்பது அவள் வேலை. ஆட்டம் எனக்குப் புரியவில்லை. அவள் குரல் மட்டும் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது. "ஏலே அன்டோ, இடது பக்கம் வாரான், குனி. குனிலே! இப்ப எந்திச்சு அடி." பையன்கள் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். கடைசி ரவுண்டில் செல்வன் அண்ணாச்சியின் பையன்களை ஒரு மூலையில் அடைத்து முடித்துவிட்டார்கள். அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார். கூடவே அம்பயரைத் திட்டவும் செய்தார்.

மேடையில் அன்டோ மைக்கை வாங்கி, தர்சிகா இல்லாமல் வெளிநாட்டுக்குப் போக மாட்டோம் என்று ஆரம்பித்தான். அவள் மைக்கைப் பிடுங்கினாள். "ஏலே, லூசு மாதிரி பேசாத. போயி ஆடிட்டு வாங்க," என்றாள். கூட்டம் சிரித்தது. நான் அழுதுவிட்டேன். அந்த வயசில் அப்படியொரு மனசு எனக்கு இருந்ததில்லை.

கீழே இறங்கி வந்ததும் அவள் அம்மா ஒரு பாக்கெட்டை என் கையில் வைத்தார்.

"வையுங்கோ மேடம். நான் முந்திரிக் கம்பெனியிலதான் வேலை. பருப்பு உரிக்கிறனான். எங்கட பருப்பு எல்லா நாட்டுக்கும் போகுது."

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பையன்கள் ஒரு மாற்று வீரரைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். "அஞ்சு பேரும் கத்துனோம் மேடம். யாரு சொல்லை யாரு கேக்கன்னு தெரியல," என்றான் அன்டோ.

நான் கற்றுக்கொண்டது மூன்று விஷயம். எங்கே வசிக்கிறாய் என்பதும் எந்த நாட்டுக் குடி என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒன்றைக் கேட்டு மற்றதற்குப் பதில் எழுதாதீர்கள். ஒரு ஆளின் கட்டத்தை அந்த ஆளே நிரப்பட்டும், கீழே இழுத்துவிடாதீர்கள். ஒருவர் எதுவரை போக முடியும் என்பதை ஆட்டத்துக்கு முன்னாலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நான் சேர்க்கச் சொன்ன அந்த வரி இப்போது கம்பெனியின் எல்லா ஃபார்மிலும் இருக்கிறது.

பையன்கள் வெளிநாட்டில் ஆடிய அன்று வீட்டில் உட்கார்ந்து லைவ் பார்த்தேன். கொறிக்க எதுவும் இல்லாததால் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். பின்பக்கம் கம்பெனி முத்திரைக்குக் கீழே 'இந்தியத் தயாரிப்பு' என்று அச்சிட்டிருந்தது. தப்பொன்றும் இல்லை, விதிப்படி சரிதான். நானே டைப் செய்த வார்த்தைதான். எங்கோ விளைந்த அந்தக் கொட்டையை இந்தியப் பருப்பாக்கியது தர்சிகாவின் அம்மா. பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன்.