ஐந்து கட்டை மவுத் ஆர்கன்

மவுத் ஆர்கனைக் கடையில் ஊதிப் பார்த்து வாங்க முடியாது. மிருதங்கத்தைத் தட்டிப் பார்க்கலாம், வயலினை இழுத்துப் பார்க்கலாம். இதில் வாய் வைத்தால் எச்சில். எச்சில் பட்டதை அப்புறம் எவன் வாங்குவான்? அதனால் ஓரத்தில் பொறித்திருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்தை நம்பித்தான் எடுத்து வர வேண்டும். அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரியாமலே பாதிப் பேர் வாங்குகிறார்கள். பளபளப்பைப் பார்க்கிறார்கள், அட்டைப் பெட்டி மேலிருக்கும் படத்தைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதோடு சேர்ந்து பாடும்போது தொண்டை எட்டவில்லை என்றால் தொண்டையைத் திட்டுகிறார்கள்.

எனக்கு அந்த எழுத்தின் அர்த்தம் தெரியும். தெரிந்தும் ஒரு காரியம் செய்தேன்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்தேன். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, தபால் கொண்டுபோவது. தன் தேசத்துக்குத் திரும்பிப் போன பாதிரியார் ஒருவர் சாமான்களைப் பங்கு வைத்தபோது சமையல்காரருக்குக் குக்கர் போனது, எனக்கு மவுத் ஆர்கன் வந்தது. அதில் 'சி' என்று போட்டிருந்தது. ஜெப அறையில் இருந்த ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகள் மேலும் அவர் அதே மாதிரி எழுத்துகளை எழுதி ஒட்டியிருந்தார். துடைக்கிற சாக்கில் ஒவ்வொன்றாக அழுத்தி, வாயில் ஊதி, இரண்டையும் பொருத்திப் பார்த்தேன்.

பாடுகிறவரின் சுருதியை நம் பக்கத்தில் ஹார்மோனியக் கட்டையை வைத்துத்தான் சொல்வார்கள். முதல் வெள்ளைக் கட்டையில் ஆரம்பித்தால் ஒரு கட்டை, ஐந்தாவதில் ஆரம்பித்தால் ஐந்து கட்டை. அந்தக் கணக்கில் 'சி' ஒரு கட்டை, 'ஜி' ஐந்து கட்டை, 'ஏ' ஆறு கட்டை. ஹார்மோனியத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் பாட்டை ஆரம்பிக்கலாம். மவுத் ஆர்கன் அப்படி வளைந்து கொடுக்காது. ஒன்றுக்கு ஒரே சுருதிதான். பாடுகிறவர் மாறினால் நீங்கள் வேறொன்றை எடுக்க வேண்டும்.

என் அக்கா ஐந்து கட்டை. அவள் பாடகி ஒன்றும் இல்லை, நடவுக்குப் போகிறவள். ஏரிக்குக் கீழே எங்கள் சேரி, அதற்கும் கீழே அடுத்தவர்களுடைய நிலம். அவள் முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் இருபது பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். நிலத்துக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்கள், அவள் பாடினால் நடவு சீக்கிரம் முடிகிறது என்று. புருஷன் மெட்ராஸுக்கு மூட்டை தூக்கப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை. சேற்றுப்புண் ஆறவே ஆறாத கால்கள். வருஷத்தில் எட்டு மாசம் அவள் குதிகாலை ஊன்றி நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுப் பாடிப் பிரசாரம் செய்யச் சர்க்காரில் ஒரு குழு போட்டார்கள். தழை உரம் போடுங்கள், கிணற்றை மூடி வையுங்கள், தீண்டாமையை ஒழியுங்கள் என்பதையெல்லாம் நாட்டுப்பாட்டு மெட்டில் சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றத்துப் பாட்டு வாத்தியார் ஒருவர் தலைவர். நடவுப் பாட்டுக்கு ஆள் தேடி வந்தவர் அக்காவின் பாட்டைக் கேட்டுவிட்டு அவளையும், கூட ஊதுவதற்கு என்னையும் சேர்த்துக்கொண்டார். ஆறு மாசம் தற்காலிகம். அதன் முடிவில் மகாபலிபுரத்தில் ஒரு அதிகாரி முன்னால் பாடிக் காட்ட வேண்டும். அவர் பொறுக்குகிறவர்களுக்கு நிரந்தர வேலை. பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு நானும் போனேன். எனக்கு அது ஒரு நல்ல வேலை. அக்காவுக்குச் சேற்றிலிருந்து காலை எடுக்க அது ஒன்றுதான் வழி.

வாத்தியார் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களோடு ஒரே பஸ்ஸில் வருவார், ஒரே மரத்தடியில் உட்காருவார், அக்காவை 'நீங்க' என்பார். தண்ணீர் மட்டும் தன் செம்பில்தான் குடிப்பார். அதையும் யார் மனமும் நோகாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பார்.

குழுவின் ஹார்மோனியத்தைக் கடலோர மணலில் தூக்கிக்கொண்டு அலைந்ததில் துருத்தி கிழிந்துபோயிற்று. அதற்குப் பதிலாக மெட்ராஸிலிருந்து மூன்று மவுத் ஆர்கன் வந்தன. சி, ஜி, ஏ. வாத்தியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு 'சி'யை என்னிடம் நீட்டினார்.

"இது உனக்கே இருக்கட்டும், தம்பி. மத்த ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

"எங்கிட்ட ஏற்கெனவே ஒரு சி கீது சார்."

"அப்ப ரெண்டாச்சு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

'ஏ', குழுவில் இருந்த அவருடைய மாணவி பாடும்போது அவர் ஊதுவதற்கு. அந்தப் பெண் ஆறு கட்டை, நன்றாகவே பாடுவாள். 'ஜி' அவரே எப்போதாவது கூட்டுப் பாட்டுக்கு ஊதுவார். எனக்கு ஒரு வாயும் இரண்டு 'சி'யும். அக்காவின் பாட்டை அதில் வாசிக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். முதல் துளையை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஆரம்பித்தால் ஐந்து கட்டை வந்துவிடும். ஆனால் பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் ஒரே ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்கி நிற்கும். சோற்றில் கல் கடிபட்டது போல அக்கா அங்கே முகத்தைச் சுளிப்பாள்.

"பேஜாரா கீதுடா. எல்லாம் ஒய்ங்காப் போய்க்கினே கீது, அந்த எடத்துல மட்டும் உன் பொட்டி தப்பு பண்ணுது."

ஐந்து மாசம் அந்தக் கல்லோடுதான் பாடினாள். மகாபலிபுரத்துக்கு முந்தின நாள் சதுரங்கப்பட்டினத்தில் இருந்தோம். இனி பொறுக்க முடியாது என்று வாத்தியாரிடம் போய் 'ஜி'யைக் கேட்டேன். நாளைக்கு அதிகாரி முன்னால் தப்பு ஸ்வரம் வந்தால் நம் எல்லாருக்கும்தான் கெட்ட பேர் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து, எடுத்துக்கோ என்றார். தான் எடுத்துக் கொடுக்கவில்லை, பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இடிந்த கோட்டைச் சுவரின் நிழலில் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். நான் 'ஜி'யில் ஒரு மூச்சு ஊதியதும் அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலே முன்கூட்டி வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. பாடினாள். நடவு நட்ட வயலை மேற்பார்வை பார்க்க வருகிற ஒரு கொக்கைப் பற்றிய பாட்டு அது. நிலத்துக்காரரை நேராகச் சொல்ல முடியாததால் கொக்கைச் சொல்வார்கள். மேலே ஏறுகிற இடம் வந்தது, கல் இல்லை. அவள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு திரும்ப அந்த இடத்தையே பாடினாள், நாலைந்து தடவை, ஒரு குழந்தை மாதிரி. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து நின்றார்கள். என் வாழ்க்கையில் நான் சரியாக வாசித்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சாயங்காலம் மவுத் ஆர்கனை உள்ளங்கையில் தட்டி ஈரம் போக்கி, சட்டை நுனியால் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் துண்டை விரித்தார். அதில் வைத்தேன்.

மறுநாள் காலை மகாபலிபுரத்தில், கடலுக்குச் சற்றுத் தள்ளி சவுக்குத் தோப்பு ஓரமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதிகாரி நாஸ்தா முடித்து வருவதற்குள் சுருதி பார்த்துக்கொள்ளலாம் என்று 'ஜி'யைக் கேட்டேன். வாத்தியார் தானே எடுத்து, என் கையில் கொடுத்தார்.

"நேத்தே வெந்நீர்ல மஞ்சள் போட்டு நல்லா ஊற வெச்சு அலம்பிட்டேன். நானும் அதுல வாய் வைக்கணும், பாரு. தப்பா எடுத்துக்காதே" என்றார்.

அவருக்குத் தெரிந்தது ஹார்மோனியம். மவுத் ஆர்கனின் தகட்டுக்குள் மரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கொதிநீரில் ஊறிய மரம் உப்பி, தகடுகளுக்கு வெளியே பல் பல்லாகத் துருத்திக்கொண்டிருந்தது. ஊதினேன். ஒன்றிரண்டு துளைகள் இருமின, மற்றவை அடைத்துப்போயிருந்தன. உதட்டை அறுத்துக்கொண்டதுதான் மிச்சம். வாத்தியார் வாங்கிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். சர்க்கார் சாமானாச்சே, ரிஜிஸ்தரில் இருக்கிறதே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். என் வாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்ததால் கொஞ்சம் தள்ளி நின்று வருத்தப்பட்டார்.

அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். இத்தனை வருஷமாக அவரை மட்டும் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன்.

அக்கா என்னைத் தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"நீ ஊதாத. நான் சும்மாவே பாடறேன். கயனில எவன் வந்து ஊதறான்?"

சரியான யோசனை. அதைவிடச் சரியான யோசனை எந்த வித்துவானும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் என் மனசில் ஓடியது வேறு. அவள் தனியாகப் பாடிவிட்டால் அதிகாரி முன்னால் நான் யார்? கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தம்பி. திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க வேண்டியதுதான்.

"இல்லக்கா. ஊதறவன் இல்லாம பாடினா எடுக்க மாட்டாங்க. நடுவுலேர்ந்து ஊதினா அந்தத் தப்பு ஸ்வரம் வந்துடும். நீ கட்டைய மாத்திக்கோ. ஒரு கட்டையில பாடு."

"எனக்கு வருமாடா?"

"வரும்."

வராது. எனக்குத் தெரியும். ஊதுகிறவன் இல்லாமல் எடுக்க மாட்டார்கள் என்பதும் நானாகச் சொன்னது, யாரும் அப்படி ஒரு விதி போடவில்லை. அவள் சுருதியைப் பற்றி அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் நான் சொன்னதை நம்பினாள்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். நான் ஒரு கட்டையில் சுருதி கொடுத்தேன். அக்கா கீழே இறங்கிப் பிடித்தாள். பாட்டு அவள் மார்புக்குள்ளேயே முனகியது, முன்வரிசைக்குக்கூட எட்டவில்லை. அலைச்சத்தம் வேறு. கொஞ்சம் சத்தமாப் பாடும்மா என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊதிக்கொண்டே இருந்தேன். வேறு வழியில்லாமல் ஒரே தாவாகத் தாவி மேல் ஸ்தாயிக்குப் போனாள். இரண்டு அடி தாங்கியது. ஏறுகிற இடத்தில் குரல் உடைந்து, கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. யாரோ ஒருவர் சிரித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி சங்கடப்பட்டு, போகட்டும், நீ தனியாக வாசி பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார். வாசித்தேன். வேறு என்ன வாசிப்பேன்? அந்தக் கொக்குப் பாட்டையேதான், என் ஒரு கட்டையில், முதல் துளையிலிருந்து. எல்லா ஸ்வரமும் சுத்தமாக விழுந்தது. அக்கா மணலில் உட்கார்ந்து அவள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். மாணவியையும் என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

போவதற்கு முன் வாத்தியார் ஒரு காகிதத்தை நீட்டினார். என் அஜாக்கிரதையால் ஈரம் பட்டு 'ஜி' மவுத் ஆர்கன் பழுதாகிவிட்டது என்று எழுதியிருந்தது. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றார். கையெழுத்துப் போட்டேன். அதுவரை செய்ததற்கு முன்னால் அது ஒன்றும் பெரிய பொய் இல்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனுக்கு சொக்கா அவுங்களே குடுப்பாங்களா?"

குடுப்பாங்க என்றேன். குடுத்தார்கள். முப்பது வருஷம் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம் புதுப் பெட்டி வந்தது. இந்தத் தடவை எனக்கென்று தனிப் பெட்டி, என் பேர் எழுதி ஒட்டி. வேறு யாரும் அதில் வாய் வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான், எனக்குத் தெரியாதா? அதில் ஒரு 'ஜி' இருந்தது. நடவு மாசத்தில் லீவு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வாசித்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். இதற்கு மேல் ஒரு முட்டாள்தனம் உண்டா?

ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போதே பாட்டு கேட்டது. அவள்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே கொக்கு. வரப்பில் நின்று 'ஜி'யை எடுத்து, ஏறுகிற இடத்துக்குச் சரியாக ஊதிச் சேர்ந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அக்கா நிறுத்திவிட்டாள். இருபது பெண்களும் அவளோடு நிறுத்தினார்கள். அவள் கையிலிருந்த நாற்றுமுடியை அவிழ்த்தாள், குனிந்தபடியே சொன்னாள்.

"இப்ப இன்னாத்துக்கு வந்து ஊதற? நாங்க வேல செஞ்சிகினு கீறோம்."

நான் மவுத் ஆர்கனைப் பையில் போட்டுக்கொண்டேன். வரப்பு வழியாக நடந்து, கரையேறி, ரோட்டுக்கு வந்த பிறகுதான் பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது. அதே ஐந்து கட்டை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போனேன். என் தலை தெரிந்தால் அவள் பாட்டை நிறுத்திவிடுவாள்.