நான் ஜெயித்த நான்காம் சுற்று

நுவரெலியாவில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்றில் நான் தோற்றதாக இணையத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஜெயித்தது நான்.

அப்போது நான் ராகலையில் கணக்கு டீச்சர். ரேட்டிங் புள்ளிக்காக நான் ஆடிய முதல் போட்டி அது. எதிரில் உட்கார்ந்தவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் பெரிய கிளாக்கர், பல வருடமாக ரேட்டிங் உள்ளவர். எந்தத் தோட்டம் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அப்பா தோட்டத்து ஆபீஸ் ஸ்டாஃபா என்றார். இல்லை, நாங்கள் லயத்துக்காரர்கள், கொழுந்து பறிக்கிறவர்கள் என்றேன். அதற்குப் பிறகு என் முகத்தையே அவர் பார்க்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் அவருடைய குதிரை போயிற்று, ராஜா ஒதுங்க இடமில்லாமல் நின்றது. ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாகக் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை கொடுத்தார். முடிவுச் சீட்டை அவரே நிரப்பி என் பக்கம் தள்ளினார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதைப் படிக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் வெற்றி அவருக்கு. நடுவரிடம் ஓடினேன். நடுவர் சிங்களவர், பொறுமையாகத்தான் கேட்டார். கிளாக்கரைக் கூப்பிட்டு விசாரித்தார். டீச்சர்தான் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார், லயத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சட்டம் தெரியாது என்று அந்த ஆள் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் புரியாது என்று நினைத்திருப்பார். பிறகு கிளாக்கர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"கையெழுத்து ஒங்களோடதுதானே, டீச்சர்?"

நகர்த்தல்கள் எழுதிய தாளைக் காட்டினேன். யார் விட்டுக்கொடுத்தது என்பது அதில் இல்லை, இரண்டு பேரும் கையெழுத்திட்டால் அதுதான் முடிவு என்றார் நடுவர். என் முதல் ரேட்டிங் அந்தத் தோல்வியையும் சேர்த்துக் கணக்கிட்டு வந்தது. விளையாட்டுதானே, விடு என்றார் என் கணவர். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூன்று வருடம் கழித்துத் தலவாக்கலையில் நடந்த போட்டியில் அதே ஆள் எனக்கு எதிரில் வந்தார். அவரை நசுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவசரப்பட்டுத் தாக்கினேன், ராணியை இழந்தேன், தோற்றேன். இந்த முறை சீட்டை நானே நிரப்பினேன். அவருக்கு வெற்றி என்று எழுதி, இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

அவர் கையை நீட்டினார். "நல்லாத்தான் ஆடுனீங்க, டீச்சர்."

"ஒங்களுக்கு நான் கை குடுக்க மாட்டேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் வந்து என்னை எச்சரித்தார். சரி என்றேன், ஆனால் கை கொடுக்கவில்லை. அந்தக் கை மேசைக்கு மேலே கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் எழுந்து போனார்.