பின்னாலிருந்து பார்த்தால் டாக்டர்

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளைப் பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி விடுமுறை இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டித் தருகிறார்களாம். முதல் நாள் போய்விட்டு வந்தவள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றாமலேயே சாப்பிட உட்கார்ந்தாள். அதில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவளைவிட இரண்டு வயது சின்னவளாக இருக்கும்போதே நான் ஆராய்ச்சிக்காரி. அட்டை இல்லை, வெள்ளைக் கோட்டே வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு தூங்கியும் இருக்கிறேன்.

இப்போது நான் பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, அடுத்தவர் உடம்புக்கு வந்த நோயை நம்பலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருப்பவள். எனக்கு இப்படி ஒரு பூர்வாசிரமம் உண்டு என்று சொன்னால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை. மகளும் நம்பவில்லை. ஆகவே சோற்றைப் போட்டுவிட்டு முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நாங்கள் இருந்தது குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் ஒட்டி நிற்கும் லயம். ஐந்தாவது வீடு எங்களுடையது, ஆறாவது சித்தி வீடு. அப்பா இறந்தபின் வேலையும் வீடும் அம்மாவின் பேருக்கு மாறியிருந்தன. எஸ்டேட்டில் பேர் இருந்தால் வீடு உண்டு, பேரை வெட்டினால் வீடும் போயிற்று. அந்த வருஷம் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை தலை சுற்றிச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் ஆபீசுக்கு எழுதிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கிடைக்கும், ஆனால் அங்கே போனாலும் விஷயம் ஆபீசுக்குப் போய்விடும். அதனால் அம்மா, யார் கேட்டாலும் "வெயிலு" என்று மட்டும் சொன்னாள். எங்கள் மலையில் வெயில் என்பது எப்போதாவது வந்து, காப்பி குடிப்பதற்குள் கிளம்பிவிடும் விருந்தாளி. இருந்தும் நான் நம்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் மலைக்குக் கீழே ஒரு மெடிக்கல் காலேஜிலிருந்து இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். மலையாளி. தோட்டத்துப் பெண்களுக்கு ரத்தம் ஏன் குறைவாக இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் எவ்வளவு ஏறும் என்று அவர் ஆராய்ச்சி. பெண்களோ என்ன கேட்டாலும் "சொகந்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். இதற்கு உள்ளூர்ப் பிள்ளைகள்தான் சரி என்று முடிவாகி, ஹைஸ்கூலில் தலைமையாசிரியர் லயத்துக்கு ஒருவராக நாலு பேரைத் தேர்ந்தெடுத்தார். அறிவைப் பார்த்துத்தான் என்னை எடுத்தார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எங்கள் லயத்தில் ஹைஸ்கூலுக்குப் போனது நான் ஒருத்திதான் என்பது பிற்பாடு உறைத்தது.

நாலு பேருக்கும் கோட்டு கொடுத்தார்கள். பெரியவர்களுக்குத் தைத்தது. எனக்குக் கணுக்காலைத் தொட்டது. பைகள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்ததால், பேனா எடுக்க வேண்டுமானால் யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல் குனிய வேண்டும். ஒழுங்காக வேலை செய்தால் கடைசியில் காலேஜுக்கே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் ரத்தம் காட்டுவதாக டாக்டர் சொன்னார். அந்த நிமிஷம் நான் டாக்டராகிவிட்டேன். மீதியெல்லாம் படித்து முடிப்பது மட்டும்தான் பாக்கி.

எட்டு வீட்டுப் பெண்களும் விரல் நுனியில் ரத்தம் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ரொம்பக் குறைவு. ஆனால் ஆராய்ச்சியில் சேர்க்காமல் நேராக வைத்தியத்துக்கு அனுப்பும் அளவுக்கு ஒரு நூலிழை மேலே. பிறகு டாக்டர் எல்லாரையும் லயத்து வாசலில் உட்காரவைத்து விளக்கினார்.

"கேட்டோ சேச்சிமாரே, பச்சைப் புள்ளி வச்ச கவர் ஒண்ணு, நீலப் புள்ளி வச்ச கவர் ஒண்ணு. உள்ளே மாத்திரை கண்டா ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணுல மருந்து உண்டு, மத்ததுல இல்ல. எதுலன்னு எனக்கே தெரியாது."

முதல் வீட்டுப் பெரியம்மா கவலையோடு கேட்டாள்: "தெரியாமலா டாக்டரம்மா மாத்திர குடுக்கிய?"

தனக்குத் தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அந்த ரகசியம் காலேஜில் ஓர் உறைக்குள் ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு எந்தக் கவர் என்பதைக்கூடச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம் என்றார் டாக்டர். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, நம்ம கறிக்கூறு மாதிரி" என்றாள் சித்தி.

டாக்டருக்குப் புரியவில்லை. விளக்குவது என் உத்தியோகம். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் லயத்தார் சேர்ந்து கறி வாங்குவார்கள். எட்டுக் கூறாகப் போட்டதும், ஒரு பிள்ளையை அந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்துவார்கள். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்கும் பிள்ளை வாயில் வந்த பேரைச் சொல்லும். சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

"அதுதன்னே" என்றார் டாக்டர், கையைத் தட்டி. இத்தனை சுலபமாகத் தன் ஆராய்ச்சி வேறெங்கும் புரிந்துகொள்ளப்பட்டதில்லை என்றார். அதுதான் வினை.

சீட்டில் நாலு பேருக்குப் பச்சை, நாலு பேருக்கு நீலம். சித்திக்குப் பச்சை. அம்மாவுக்கு நீலம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வந்து, வீட்டுக்கு ஒரு கவர் நான் கொடுக்க வேண்டும். கவருக்கு ஏழு மாத்திரை, நாளுக்கு ஒன்று.

காலேஜில் ஒட்டி வைத்த ரகசியம் எங்கள் லயத்தில் ஒரு வாரம் தாங்கவில்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், மறுநாள் காலையில் கக்கூசில் எல்லாம் கறுப்பாக இருக்கும். வாரம் முடிவதற்குள் பச்சைதான் மருந்து என்பது எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. டாக்டருக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரியக்கூடாது என்று அவரே சொல்லியிருந்ததால் நானும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நான் கவர்களோடு வந்தபோது வாசலில் படங்கு விரித்திருந்தது. கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற முரட்டுத் துணி. கறிக்கூறும் அதில்தான் போடுவார்கள்.

"ஏட்டி, ஒரே லயத்துல நாலு பேருக்கு மருந்து, நாலு பேருக்கு வெறும் மாவு" என்றாள் சித்தி. "இது என்ன நாயம்?"

"சீட்டுல விழுந்தது சித்தி."

"மொதல்ல கூறெல்லாம் ஒண்ணுபோல இருக்கணும். அப்பொறந்தான் சீட்டு. ஈரல ஒரு கூறுலயும் எலும்ப ஒரு கூறுலயும் போட்டுக்கிட்டுச் சீட்டுன்னா ஒத்துக்குவமா?"

இதற்கு விஞ்ஞானப் பாடத்தில் பதில் இல்லை. அதோடு, கறிக்கூறும் தன் ஆராய்ச்சியும் ஒன்று என்று டாக்டரே சொல்லியாயிற்று. ஒரு தடவை சீட்டுப் போட்டால் ஆராய்ச்சி என்றால் வாராவாரம் போட்டால் இன்னும் பெரிய ஆராய்ச்சிதானே என்றும் எனக்குத் தோன்றியது. எட்டுக் கவரையும் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பாதி பச்சை, பாதி நீலம் என்று எட்டுக் கூறு போட்டோம். ஏழில் பாதி மூன்றரை. நான் பிளேடு வைத்து மாத்திரைகளை நறுக்கினேன். பாதிக்குப் பாதி நொறுங்கிற்று. மூன்றாம் வீட்டு அத்தை படங்கில் சிந்திய தூளை விரலால் தொட்டு நக்கி, "இதுல சத்து இருக்கா, மாவு இருக்கா?" என்று கேட்டாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் சித்தி பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

"நீ ஆராய்ச்சி பாக்குறவ. ஒக்காந்து மாத்திர நறுக்கிக்கிட்டு இருக்கலாமா? கவர வச்சிட்டு அங்கிட்டுத் திரும்பி நில்லு. கூறு நாங்க போடுதோம். நீ பேர மட்டும் சொல்லு."

"சரி சித்தி."

"வாயில வந்ததச் சொன்னா யாராவது விட்டுப்போவும். ஒண்ணாம் வீட்டுலருந்து எட்டாம் வீடு வரைக்கும் வரிசையாச் சொல்லு. படிச்சவளுக்கு ஒரு ஒழுங்கு வேணும்லா?"

ஒழுங்கு என்ற சொல்லுக்கு நான் அடிமை. அன்று முதல் ஞாயிறுதோறும் மிளகுக் கொடியைப் பார்த்தபடி நின்று, வீட்டு வரிசைப்படி பேர் சொன்னேன். அரை மாத்திரைத் தொல்லை அதோடு தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை. முடிந்து திரும்பிப் பார்த்தால் அவரவர் கையில் இருக்கும் கூறெல்லாம் ஒரே நிறம், ஒரே எண்ணிக்கை. யாருக்கும் மனக்குறை இல்லை. நிற்கும்போது பின்னாலிருந்து என் கோட்டைப் புகழ்வார்கள். "மடிப்பு கலையாம நில்லுட்டி, பின்னாலருந்து பாத்தா அசல் டாக்டர்தான்" என்பாள் பெரியம்மா. முன்னாலிருந்து பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றியதில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. அம்மா அப்புறம் செடிக்கு நடுவே உட்காரவில்லை. மேல்காட்டு மேட்டில் நின்றுகொண்டு, கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகிற என்னைப் பேர் சொல்லித் திட்டுமளவுக்கு மூச்சு வந்துவிட்டது. அந்த மேட்டில் முன்பெல்லாம் அவளால் பேசவே முடியாது. வெயில் குறைந்ததால் என்று நான் நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதற்கப்புறம் டாக்டர், காலேஜில் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் லயத்துக்கு வந்தார். மற்ற லயங்களில் பச்சைக்காரர்களுக்கு ஏறியிருந்தது, நீலக்காரர்களுக்கு இல்லை. எங்கள் லயத்தில் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தது. போதாக்குறைக்கு, மருந்தே இல்லாத நீலப் புள்ளியில் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த எஸ்டேட்டில் யாருக்கும் ஏறாத அளவு ஏறியிருந்தது. டாக்டர் அம்மாவுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சேச்சி எந்தா கழிச்சது?"

என்ன சாப்பிட்டாய் என்கிறார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"முருங்கக்கீரை" என்றாள் சித்தி.

"ஆமா, அவ தெனமும் முருங்கக்கீரதான்" என்றாள் பெரியம்மா. "மணம் எங்க வீடு வரைக்கும் வரும்" என்றாள் மூன்றாம் வீட்டு அத்தை.

எங்கள் குளிரில் முருங்கை வளராது. மலைக்குக் கீழே கம்பம் டவுனிலிருந்து காய்கறி ஜீப்பில் வந்தால்தான் உண்டு, எங்கள் வீட்டுக்கு வந்து வருஷமாகியிருந்தது. விஞ்ஞானத்துக்கு உண்மை முக்கியம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, டாக்டரம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொண்டா" என்றாள் சித்தி.

காப்பியோடு வந்தபோது டாக்டர் முருங்கைக்கீரை என்று எழுதி முடித்திருந்தார். காப்பியை மெதுவாகக் குடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்து, உள்ளே சிவப்பாக இருப்பதைப் பார்த்தார். பிறகு ஃபைலை மூடினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, "மோளே, காப்பி நன்னாயிட்டுண்டு" என்றார்.

சொன்ன வாக்கையும் காப்பாற்றினார். காலேஜில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, ரத்தத்தைப் பார்த்தேன். அது என் விரலில் எடுத்த ரத்தம்தான் என்றார்கள். கண் விழித்தபோது நாலு பேர் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் மயங்கி விழுந்தது நான் ஒருத்திதான். அம்மா வெட்டுப்படாத பேரோடு வேலை பார்த்து, வயது முடிந்து ஓய்வு பெற்றாள். நான் இன்சூரன்ஸுக்கு வந்தேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்த மகள், கடைசியில் தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"அம்மா, நாலு பச்சைக் கவர். கவருக்கு ஏழு. இருபத்தெட்டு. எட்டுப் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மூணரை. அப்புறம் எப்படி உடைக்காமப் பிரிச்சாங்க?"

"சித்தி கெட்டிக்காரி" என்றேன்.

"ஒருத்தருக்கு மட்டும் ஏழும் பச்சையாக் குடுத்திட்டா, மிச்சம் ஏழு பேருக்கு மூணு மூணு சரியா வரும். உடைக்க வேண்டாம்." சோற்றில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். "நீ வரிசையாத்தானே பேர் சொன்னே? அப்போ எந்தப் பேர் எப்போ வரும்னு பின்னாடி இருந்தவங்களுக்குத் தெரியும்."

பொய்க் கணக்கைக் கண்டுபிடிப்பதற்கென்றே மாதாமாதம் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவள் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கை கழுவ எழுந்து போனாள்.

ஒண்ணாம் வீடு, இரண்டாம் வீடு, மூணாம் வீடு, நாலாம் வீடு. அதுவரை பின்னால் அவரவர் பேச்சு நடக்கும். அடுத்தது அம்மா பேர். சொந்த அம்மா ஆயிற்றே, எந்தக் கூறு விழுகிறது என்று திரும்பிப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது ஒருத்தி என் முதுகைப் பார்த்து, கோட்டு என்ன அம்சமா இருக்கு என்று ஆரம்பிப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அம்மா தன் கூறை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போகும் காலடி கேட்கும். அது கேட்டு முடியும்வரை புகழ்ச்சி நிற்காது. நானும் மடிப்பு கலையக்கூடாதே என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, மிளகுக் கொடியைப் பார்த்தபடி அசையாமல் நிற்பேன். அந்தக் கோட்டு எனக்கு அவ்வளவு பொருத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.